பெயர் மாற்றிய மூதாதை

1965 ஜூன். பாரீஸில் உள்ள தேசிய நூலகத்துக்குள் ஓர் அமெரிக்கர் நுழைகிறார். வயது 43. கல்லூரி நாட்களில் அமெரிக்கக் கால்பந்து ஆடிய உடம்பு, இப்போது தளர்ந்துவிட்டது. பேச்சில் பிரெஞ்சு, மூச்சில் மது வாடை. இருநூறு வருடங்களுக்கு முன் கனடாவில் தளபதி மோன்காமின் கீழ் போரிட்ட அதிகாரிகளின் பட்டியல் தமக்கு வேண்டும் என்கிறார். அதில் தம் மூதாதையின் பெயர் இருக்க வேண்டும். நூலக ஊழியர்கள் அவரை மேலும் கீழும் பார்க்கிறார்கள். கடைசியில் கிடைக்கும் பதில்: அந்த ஏடுகள் இல்லை, உலகப் போரின் குண்டுவீச்சில் போய்விட்டன.

வந்தவர் சாமான்யரல்ல. 'ஆன் த ரோட்' நாவலை எழுதிய ஜாக் கெரூவாக். 1957-ல் வெளியான அந்தப் புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு தலைமுறை இளைஞர்கள் வீட்டை விட்டுக் கிளம்பினார்கள். எல்லோரையும் வேரறுத்துக்கொண்டு ஓடச் சொன்னவர் என்று பெயரெடுத்த மனிதர், தம்முடைய வேரைத் தேடி அட்லாண்டிக்கைத் தாண்டி வந்திருந்தார். பாரீஸில் கிடைக்காததைப் பிரிட்டனியில் தேடலாம் என்று கிளம்பினார். விமானத்தைத் தவறவிட்டு, ரயிலேறி, ப்ரெஸ்ட் நகரத்துக்குப் போனார். அங்கே தம் பெயரில் பாதியைக் கொண்ட ஒரு கிழவரைச் சந்தித்தார். படுக்கையில் இருந்தபடியே அவர் தம் குடும்பத்தின் வம்சாவளியைக் காட்டினார். பேசினார்கள், குடித்தார்கள். ஆனால் பெயரின் மறுபாதியைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. பத்து நாட்களில் பயணம் முடிந்தது. அடுத்த ஆண்டு அதை 'சட்டோரி இன் பாரீஸ்' என்று ஒரு சிறிய புத்தகமாக எழுதினார். விமர்சகர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குடிகாரரின் பயணக் குறிப்பு என்று ஒதுக்கினார்கள்.

ஆனால் அந்தத் தேடல் அவருக்கு விளையாட்டல்ல. 1922 மார்ச் 12-ம் தேதி அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் லோவெல் என்ற மில் நகரத்தில் பிறந்தபோது அவர் ஜாக் அல்ல. ழான் லூயி. வீட்டில் கூப்பிட்ட பெயர் 'தி ழான்'. குட்டி ழான் என்று அர்த்தம். அப்பா லெயோ அச்சுத் தொழில் செய்தவர். அம்மா காப்ரியேல் செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். இருவரும் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் பிறந்து, குழந்தைப் பருவத்திலோ இளம் வயதிலோ அமெரிக்காவுக்கு வந்தவர்கள். பள்ளிக்குப் போகும் வயது வரை அந்தப் பையனுக்கு ஆங்கிலம் தெரியாது. ஞானஸ்நானப் பதிவேட்டிலேயே குடும்பப் பெயர் 'கிரூவாக்' என்று வேறு மாதிரி எழுதப்பட்டது. முதல் நாவல் 1950-ல் வந்தபோது அட்டையில் 'ஜான் கெரூவாக்'. பிறகுதான் ஜாக். ஒரே ஆளுக்கு இத்தனை பெயர்கள் என்றால், அவருடைய கொள்ளுத்தாத்தாவின் தாத்தாவுக்கு எத்தனை இருந்திருக்கும்?

இந்தக் கேள்வியின் முழு வலியும் புரிய வேண்டுமானால், கியூபெக்கின் பிரெஞ்சுக்காரர்களைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். உலகத்தில் சாதாரண மக்களின் வம்சாவளி இவர்களுடையது அளவுக்குத் துல்லியமாகப் பதிவாகியிருக்கும் சமூகங்கள் மிகக் குறைவு. அரசர்களுக்கும் பிரபுக்களுக்கும் எங்கேயும் வம்சாவளி உண்டு. இங்கே மரம் வெட்டியவனுக்கும் மாடு மேய்த்தவனுக்கும் இருக்கிறது.

காரணம் பாதிரியார்கள், அவர்களைப் பிடித்து எழுத வைத்த சட்டம். 1539-லேயே பிரெஞ்சு மன்னர் முதலாம் பிரான்சுவா ஞானஸ்நானங்களைப் பதிவு செய்ய ஆணையிட்டார். 1563-ல் கத்தோலிக்கத் திருச்சபையின் த்ரெந்த் மகாசபை கல்யாணங்களையும் எழுதிவைக்கச் சொன்னது. 1667-ல் வந்த இன்னொரு அரசாணை ஒரு படி மேலே போனது: எல்லாவற்றையும் இரண்டு பிரதிகளாக எழுது, ஒன்று கோயிலில் இருக்கட்டும், இன்னொன்றை நீதிமன்றத்துக்கு அனுப்பு. கனடாவின் மரக் கோயில்கள் அடிக்கடி தீப்பிடித்தன. கோயில் பிரதி சாம்பலானாலும் நீதிமன்றப் பிரதி பிழைத்தது. 1763-ல் பிரிட்டிஷார் கைக்கு நாடு போன பிறகும் இந்த வழக்கம் நிற்கவில்லை. 1994 வரை கியூபெக்கில் பிறப்பு, இறப்பு, கல்யாணக் கணக்கில் தேவாலயங்களுக்கும் பங்கிருந்தது.

ஆட்களும் குறைவு. 1608-ல் சாமுவேல் த ஷாம்ப்ளேன் கியூபெக் நகரத்தை நிறுவினார். 1666-ல் நிர்வாகி ழான் தலோன் எடுத்த முதல் மக்கள்தொகைக் கணக்கில் மொத்தம் 3,215 ஐரோப்பியர்கள்தான். அதிலும் ஆண்கள் அதிகம், பெண்கள் குறைவு. அதனால் 1663-லிருந்து 1673 வரை பதினான்காம் லூயி மன்னர் தம் செலவில் சுமார் 770 பெண்களைக் கப்பலேற்றி அனுப்பினார். அநாதைகள், ஏழை வீட்டுப் பெண்கள். 'அரசரின் மகள்கள்' என்று அவர்களுக்குப் பெயர். இறங்கிய சில வாரங்களிலேயே பலருக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது. பிரெஞ்சு ஆட்சிக் காலம் முழுவதும் பிரான்ஸிலிருந்து வந்து நிலைத்தவர்கள் சுமார் பத்தாயிரம் பேர். இன்றைக்கு வட அமெரிக்காவில் இருக்கும் லட்சோப லட்சம் பிரெஞ்சு வழியினரில் பெரும்பகுதி அந்தப் பத்தாயிரத்தின் சந்ததி.

எனவே எல்லோரும் எல்லோருக்கும் சொந்தம். 1634-லேயே வந்துவிட்ட தச்சர் ஸக்காரி க்ளூத்தியேவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. பத்திரங்களில் ஒரு கோடாலியை வரைந்துவைத்தார். 1800-க்குள் அவருக்கு 10,850 சந்ததியினர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கியூபெக்கில் இன்று அதிகமாகப் புழங்கும் குடும்பப் பெயர் த்ராம்ப்ளே. அத்தனை த்ராம்ப்ளேக்களும் 1657-ல் கியூபெக்கில் ஓசான் அஷோனைக் கல்யாணம் செய்துகொண்ட பியேர் த்ராம்ப்ளே என்ற ஒரே மனிதரின் வழி வந்தவர்கள்.

வம்சாவளி தேடுகிறவர்களுக்கு முக்கியமானது கல்யாணப் பதிவு. மாப்பிள்ளை, பெண், இருவரின் அப்பா அம்மா, எந்த ஊர் என்பதெல்லாம் அதில் இருக்கும். அந்த அப்பா அம்மாவின் கல்யாணத்தைத் தேடினால் தாத்தா பாட்டி கிடைப்பார்கள். இப்படிக் கல்யாணம் கல்யாணமாக ஏணியில் ஏறினால், பத்துப் பன்னிரண்டு படிகளில் பிரான்ஸ் வந்துவிடும். சிப்ரியேன் தாங்கே என்ற பாதிரியார் ஊர் ஊராக அலைந்து ஏடுகளைப் புரட்டி 1871-லிருந்து 1890 வரை ஏழு தொகுதிகளில் ஒரு வம்சாவளி அகராதியே வெளியிட்டார். பிழைகள் உண்டு. ஆனால் தனி மனிதர் செய்த வேலை என்பதை நினைத்தால் மலைப்புத்தான். கெரூவாக் வெறுங்கையோடு ஊர் திரும்பிய அடுத்த வருடம், 1966-ல், மோன்ட்ரியால் பல்கலைக்கழகத்தின் மக்கள்தொகை ஆய்வாளர்கள் 1800-க்கு முந்தைய பதிவுகள் அனைத்தையும், ஏறக்குறைய ஏழு லட்சம், கம்ப்யூட்டரில் ஏற்றி ஒவ்வொரு குடும்பத்தையும் மறுபடி கட்டியெழுப்பத் தொடங்கினார்கள்.

கல்யாணப் பதிவேட்டில் வேறொரு சங்கதியும் கிடைக்கும். மணமக்கள் சொந்தக்காரர்களாக இருந்தால் திருச்சபையிடம் விசேஷ அனுமதி பெற வேண்டும். எத்தனையாவது தலைமுறை உறவு என்பதைப் பாதிரியார் குறித்துவைப்பார். அத்தை மகனையும் மாமன் மகளையும் முறை என்று கொண்டாடும் நம்மூர்க்காரர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். அங்கே கொள்ளுப்பாட்டி ஒன்றாக இருந்தாலே பிஷப்புக்கு விண்ணப்பம் போட வேண்டியிருந்தது.

இவ்வளவு எழுதிவைத்தும் சிக்கல் எங்கே? பெயரில்.

முதலில், முதற்பெயர். கியூபெக்கின் பழைய ஞானஸ்நான ஏட்டைத் திறந்தால் ஆண்கள் எல்லோரும் ஜோசப், பெண்கள் எல்லோரும் மரி என்றே தோன்றும். இயேசுவின் வீட்டுப் பெரியவர்கள் பெயரைப் பிள்ளைக்கு முதலில் வைத்துவிட வேண்டும். பிறகு பெரும்பாலும் ஞானத்தகப்பன் அல்லது ஞானத்தாயின் பெயர். கடைசியாகக் கூப்பிடுகிற பெயர். கனடாவின் பிரதமராக இருந்த பியேர் த்ரூதோவின் முழுப் பெயர் ஜோசப் ஃபிலீப் பியேர் ஈவ் எலியட் த்ரூதோ. இன்னொரு பிரதமர் ழான் க்ரெத்தியேன், ஜோசப் ழாக் ழான். ஐஸ் ஹாக்கி ரசிகர்கள் கடவுளாகவே கும்பிட்ட மோரீஸ் ரிஷார், ஜோசப் ஆன்ரி மோரீஸ். ஜோசப் என்று இவர்களில் யாரையும் யாரும் கூப்பிட்டதில்லை. ஒரு குழந்தை இறந்துவிட்டால் அதன் பெயரையே அடுத்ததற்கு வைப்பதும் சகஜம். ஆகவே 1742-ல் ஒரு மரி லூயிஸ், 1744-ல் அதே வீட்டில் இன்னொரு மரி லூயிஸ். எவள் பிழைத்து வளர்ந்து பேரன் பேத்தி கண்டாள் என்பதை மரண ஏட்டையும் பார்த்தால்தான் சொல்ல முடியும்.

முதற்பெயராவது பரவாயில்லை. ஆராய்ச்சியாளர்களைத் தூங்கவிடாதது 'தி' என்ற ஒற்றைச் சொல். பிரெஞ்சில் அதற்கு 'என்று சொல்லப்படுகிற' என்று அர்த்தம். நம் பத்திரப் பதிவு அலுவலகத்தின் 'என்கிற' இருக்கிறதே, அதேதான். முத்துசாமி என்கிற சின்னத்தம்பி. நம்மூர்ப் பத்திரிகைகளில் இந்த 'என்கிற' இப்போது பெரும்பாலும் ரவுடிகளுக்கு மட்டுமே கிடைக்கும் மரியாதையாகிவிட்டது. கியூபெக்கில் அது பாதி நாட்டின் பெயர்.

வழக்கம் பெரும்பாலும் பட்டாளத்திலிருந்து வந்தது. 1665-ல் இரோக்வா பழங்குடிகளோடு சண்டையிட மன்னர் அனுப்பிய காரிஞான்-சாலியேர் ரெஜிமென்ட்டில் சுமார் 1,200 சிப்பாய்கள். ஒரே கம்பெனியில் நாலு ழான், ஐந்து பியேர் இருந்தால் அதிகாரி என்ன செய்வார்? ஒவ்வொருவனுக்கும் ஒரு போர்ப் பெயர் உண்டு. சிலது பூ: லாஃப்லேர், லாத்யூலிப். சிலது குணம்: ஜோலிகேர் என்றால் நல்ல மனசுக்காரன், சான்சூசி என்றால் கவலையில்லாதவன், சான்ரெக்ரே என்றால் எதற்கும் வருந்தாதவன். த்ரான்ஷ்மோந்தாஞ் என்று ஒருவன்: மலையைப் பிளப்பவன். அநேகமாக ஐந்தடி உயரம் இருந்திருப்பான். பட்டாளத்து நகைச்சுவை எங்கேயும் அப்படித்தான். சண்டை ஓய்ந்ததும் சுமார் 400 பேர் அங்கேயே நிலம் வாங்கித் தங்கினார்கள். அரசரின் மகள்களைக் கல்யாணம் செய்துகொண்டார்கள். பட்டப்பெயர் பிள்ளைகளுக்கும் போயிற்று.

பட்டாளம் பார்க்காதவர்களுக்கும் 'தி' வந்தது. ஆன்ஷுவிலிருந்து வந்தவன் லாஞ்வென், பிரிட்டனியிலிருந்து வந்தவன் லெ ப்ரெதோன். நிலத்தில் நின்ற மரம், ஓடிய ஓடை, எல்லாம் பெயராயின. ரிவார் என்ற குடும்பத்தின் கிளைகள் லாவீஞ், லொராஞ்சே, லானுவெத், துஃப்ரேன், பெல்ஃபேய் என்று பிரிந்தன. திராட்சைக் கொடி, ஆரஞ்சு மரம், அழகிய இலை என்று தோட்டமே வந்துவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த இரட்டைப் பெயர் வழக்கம் தேய்ந்தபோது ஒவ்வொருவரும் ஒன்றைக் கைவிட வேண்டியிருந்தது. அண்ணன் முதல் பாதியை வைத்துக்கொண்டான், தம்பி பின்பாதியை. இரண்டு தலைமுறை கழித்து அவர்களுடைய பேரன்கள் அடுத்தடுத்த தெருவில் வசித்தார்கள், பங்காளிகள் என்று தெரியாமலே.

பேச்சு வழக்கில் கிராமத்துக்காரர்கள் வேறொரு வழி வைத்திருந்தார்கள். ஒரே ஊரில் பத்துப் பேருக்குக் குடும்பப் பெயர் ஒன்றாக இருந்தால் அதைச் சொல்லி என்ன பயன்? பியேர், ஜோசப்போட பியேர், லூயியோட ஜோசப்போட பியேர் என்று அப்பா, தாத்தாவைச் சேர்த்துக் கூப்பிட்டார்கள். இனிஷியலோடு வாழும் நமக்கு இது உடனே புரியும். குடும்பப் பெயர் என்ற ஒன்றே இல்லாமல் இத்தனை நூற்றாண்டுகள் தமிழன் குறையொன்றுமில்லாமல்தான் இருந்தான், பாஸ்போர்ட் விண்ணப்பப் படிவம் வரும் வரை.

பிரெஞ்சு நிர்வாகம் நம் பக்கமும் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறது. 1763-ல் பாரீஸ் உடன்படிக்கையில் பிரான்ஸ் கனடாவை பிரிட்டனுக்கு விட்டுக்கொடுத்தது; அதே உடன்படிக்கையில் புதுச்சேரியைத் திரும்பப் பெற்றது. நூற்றுப் பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1881-ல், புதுச்சேரி மக்கள் தங்கள் வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வரலாம் என்று ஆணை வந்தது. அப்படி வந்த தமிழர்கள் ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்தெடுத்துப் பதிய வேண்டும். ஒரு நாள், ஒரு குமாஸ்தா, ஒரு ஏடு. அன்று சொன்ன பெயர்தான் இன்றும் பாரீஸ் புறநகர்களில் அவர்களுடைய கொள்ளுப்பேரன்களின் கதவில் தொங்குகிறது.

கியூபெக்கின் பெயர்களுக்கு இரண்டாவது அடி தெற்கே விழுந்தது. 1840-லிருந்து 1930 வரை சுமார் ஒன்பது லட்சம் பிரெஞ்சுக் கனடியர்கள் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார்கள். நிலம் பிள்ளைகளுக்குள் பிரிந்து பிரிந்து ஒன்றுமில்லாமல் போயிருந்தது. எல்லைக்கு அப்பால் லோவெல், மான்செஸ்டர், ஃபால் ரிவர், வூன்சாக்கெட் என்று பஞ்சு மில்கள் ஆள் தேடின. குடும்பம் குடும்பமாக ரயிலேறினார்கள். மில் மேஸ்திரிக்கு பிரெஞ்சு வாயில் நுழையவில்லை. வந்தவர்களில் பலருக்கு எழுதத் தெரியாது. காதில் விழுந்ததை எழுதிக்கொண்டார்கள். இல்லாவிட்டால் மொழிபெயர்த்தார்கள். புவாவேர் என்ற பசுங்காட்டுக்காரர் க்ரீன்வுட் ஆனார். லெப்லான் வொய்ட் ஆனார். ருவா கிங் ஆனார். புலான்ஷே பேக்கர். லாஷெனெஸ் யங். இப்போது வெர்மான்ட்டில் இருக்கும் ஒரு க்ரீன்வுட் தன் வேரைத் தேடக் கிளம்பினால் இங்கிலாந்தின் பக்கம்தான் முதலில் போவார். அங்கே அவரை எந்த ஏடும் அறியாது.

கெரூவாக் வீட்டார் அந்த அளவுக்கு மாற்றிக்கொள்ளவில்லை. பெயர் அப்படியே கரடுமுரடாக நின்றது. எழுத்துகள் மட்டும் கைக்குக் கை மாறின. கெரோவாக், கிரூவாக், கெரூவாக். இதே வம்சத்தில் கியூபெக்கில் பிறந்த கோன்ராட் கிரூவாக், துறவு பூண்டு சகோதரர் மரி விக்தோரேன் என்ற பெயரில் பெரிய தாவரவியலாளரானார். மோன்ட்ரியாலின் தாவரவியல் பூங்கா அவர் முயற்சியில் உருவானது. துறவிகளுக்கும் பெயர் மாறும் என்பது நமக்குத் தெரிந்ததுதான்.

பெண்கள் விஷயம் தனிக் கதை. கோயில் ஏட்டில் ஒரு பெண் பிறந்தது முதல் புதைக்கப்படும் வரை பிறந்த வீட்டுப் பெயரிலேயே இருந்தாள். ஊர் வாயிலோ, கல்யாணமான மறுநாளே புருஷன் பெயரில் கரைந்துபோனாள். இருபதாம் நூற்றாண்டில் கடிதத்தின் மேல் 'மதாம் ஜோசப் த்ராம்ப்ளே' என்று எழுதுவார்கள். குடும்பப் பெயர் மட்டுமல்ல, அவளுடைய சொந்தப் பெயரும் போயிற்று. 1981-ல் கியூபெக் சட்டம் அடியோடு திரும்பியது. அந்த ஆண்டு ஏப்ரல் முதல் கல்யாணமான பெண் பிறந்த வீட்டுப் பெயரில்தான் தன் உரிமைகளைச் செலுத்த வேண்டும். பிள்ளைகளுக்கு அப்பா பெயர், அம்மா பெயர், அல்லது இரண்டையும் சேர்த்து வைக்கலாம். பழைய பாதிரியார்களின் ஏட்டு வழக்கமே நவீனச் சட்டமானது.

ஏடு இப்படி இருந்ததால் தாய்வழியைத் தேடுவது கியூபெக்கில் கஷ்டமல்ல. கெரூவாக்கின் அம்மா ஒரு லெவெக். பிறந்தது சேன் பகோம் என்ற ஊரில். செயின்ட் லாரன்ஸ் நதியின் அந்தக் கரையோரத்து லெவெக்குகளின் மூலவர் ராபேர் லெவெக், நார்மண்டியிலிருந்து 1671-ல் வந்த தச்சர். அவர் மனைவி அரசரின் மகள்களில் ஒருவர். எல்லாம் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. தச்சர் என்றால் தச்சர்தான். ஆனால் பாரீஸ் நூலகத்தில் நின்ற மகன் தேடியது தச்சரை அல்ல, பிரபுவை.

அப்பா வீட்டில் ஒரு கதை வழங்கியது. முதல் மூதாதை பிரிட்டனியைச் சேர்ந்த ஒரு பாரன். 1750 வாக்கில் கனடா வந்தார். மோன்காமின் படையில் இருந்தார். நதிக்கரையில் அவருக்கு நிலம் கொடுத்தார்கள். 'லெப்ரி த கெரூவாக்' என்ற நீளமான பெயரை எழுத்தாளர் பெருமையோடு சொல்லிக்கொண்டார். மில் நகரத்தில் பிரெஞ்சு பேசிய பையன்களை 'கனக்' என்று ஏளனமாகக் கூப்பிட்டார்கள். அப்படிக் கூப்பிடப்பட்டவனுக்கு சட்டைப் பையில் ஒரு பாரன் இருப்பது எவ்வளவு பெரிய பலம்! 1951-ல், 'ஆன் த ரோட்' வேலைகளுக்கு நடுவே, அவர் பிரெஞ்சிலும் எழுதிப் பார்த்தார். லோவெல் வீட்டில் பேசிய அதே கொச்சை பிரெஞ்சில். யாருக்கும் காட்டவில்லை. அந்தக் கையெழுத்துப் பிரதிகள் 2016-ல்தான் புத்தகமாயின.

பதிவேடு சொல்வது வேறு. மோன்காம் கனடாவில் இறங்கியது 1756-ல். கெரூவாக்குகளின் மூதாதை 1732-லேயே காப்-சேன்-இஞாஸ் கிராமத்துக் கோயிலில் லூயிஸ் பெர்னியே என்ற உள்ளூர்ப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டுவிட்டார். நாலே வருடம். 1736-ல் கமூராஸ்காவில் இறந்துபோனார். ரோமம் வாங்கி விற்று அலைந்த வியாபாரி. படையில் இல்லை, பாரனும் இல்லை. பாரீஸ் நூலகத்தின் அந்தப் பட்டியல் குண்டுக்குத் தப்பியிருந்தாலும் அதில் அவர் பெயர் இருந்திருக்காது. செத்து இருபது வருடமான மனிதரைப் போர்ப்படையில் தேடிக்கொண்டிருந்தார் பேரனின் பேரன்.

சரி, கல்யாண ஏட்டில் மாப்பிள்ளையின் பெற்றோரும் ஊரும் இருக்குமே? இருந்தன. அங்கேதான் முட்டுச்சந்து. மோரீஸ் லூயி அலெக்ஸாந்த்ர் லெ ப்ரீஸ் த கெரூவாக் என்று சொல்லிக்கொண்ட அந்த இளைஞர் கொடுத்த விவரங்கள் பிரிட்டனியின் எந்த ஏட்டோடும் பொருந்தவில்லை. அவர் போட்ட கையெழுத்துகளே ஒன்றுபோல் இல்லை. பத்திரத்துக்குப் பத்திரம் பெயர் கூடியது, குறைந்தது. அவருடைய சந்ததியினர் பல பத்தாண்டுகள் தேடிக் களைத்தார்கள்.

விடை 1990-களின் இறுதியில் கிடைத்தது. பிரிட்டனியில் ஒரு பெண் வம்சாவளி ஆய்வாளர் பெயரை நம்புவதை விட்டுவிட்டு, ஆளைத் தேடினார். மோர்லே நகரத்துக்குத் தெற்கே, உள்ளே தள்ளி, பாறையும் காடுமாக உவெல்குவாத் என்று ஓர் ஊர். அங்கே ஒரு நோட்டரி குடும்பம். அதில் உர்பேன் பிரான்சுவா என்று ஒரு மகன். கல்யாண விருந்து ஒன்றில் திருடிவிட்டதாக அவன்மேல் புகார் எழுந்தது 1720-ல். அதன் பிறகு ஊர் ஏடுகளில் அவனைக் காணோம். கடலுக்கு அந்தப் பக்கத்தில் ஒருவர் தோன்றுகிறார். இரண்டு கரைகளின் கையெழுத்துகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஒரே கை.

அந்தக் குடும்பத்தின் பெயர் லெ பிஹான் த கெர்வோவாக். பிரெத்தோன் மொழியில் 'கெர்' என்றால் வீடு, குடியிருப்பு. கெர்வோவாக் என்பது ஓர் இடத்தின் பெயர். நம்மூரில் பெயருக்கு முன்னால் ஊரைப் போட்டுக்கொள்வது மாதிரி, அவர்கள் பின்னால் ஒட்டிக்கொண்டார்கள். உண்மையான குடும்பப் பெயர் லெ பிஹான். அதற்கு அர்த்தம் 'சின்னவர்'. ஓடிவந்தவர் சின்னவரை அவிழ்த்து நதியில் போட்டுவிட்டு, ஊரை மட்டும் வைத்துக்கொண்டார். அதற்கு முன்னால் லெ ப்ரீஸ் என்று வேறொன்றைக் கோர்த்துக்கொண்டார். ப்ரெஸ்ட் நகரத்தில் 1965-ல் கெரூவாக் ஒரு லெப்ரியின் படுக்கையருகே உட்கார்ந்து தேடியது, மூதாதை சொந்தமாகச் சேர்த்துக்கொண்ட பாதியை. அவரை ப்ரெஸ்டுக்குக் கொண்டுபோன ரயில் பாதை மோர்லே வழியாகத்தான் போகிறது.

இதையெல்லாம் கேட்க அவர் இல்லை. பாரீஸிலிருந்து திரும்பிய நாலாவது வருடம், 1969 அக்டோபரில், ஃபுளோரிடாவில் இறந்துபோனார். குடி கொன்றது; வயது 47. உண்மை தெரிந்திருந்தால் ஏமாந்திருப்பாரா? சொல்ல முடியாது. சந்தேகத்தின் பேரில் ஊரைவிட்டு ஓடி, பெயரை மாற்றி, காட்டுப் பாதைகளில் அலைந்து, இளவயதில் செத்த ஒரு நோட்டரி மகன். பாரனைவிட இந்த ஆள்தான் அவருடைய நாவல்களுக்குப் பொருத்தமானவன்.

பெயர் விஷயத்தில் கெரூவாக்குக்கு இன்னொரு கணக்கு பாக்கியிருந்தது. அவருக்கு ஒரு மகள். 1952-ல் பிறந்தவள். பிறக்கும் முன்பே தாயைப் பிரிந்துவிட்ட அவர், குழந்தை தன்னுடையது அல்ல என்றே சொல்லிக்கொண்டிருந்தார். விவகாரம் கோர்ட் வரை போய், ரத்தப் பரிசோதனை நடந்தது. அந்த நாளில்தான் மகள் முதல் முறையாக அப்பாவைப் பார்த்தாள். பத்து வயதுகூட நிரம்பவில்லை.

இரண்டாவது முறை பார்த்தது 1967-ல், லோவெலில். அதுதான் கடைசியும். பாரீஸ் பயணம் முடிந்து இரண்டு வருடமாகியிருந்தது. அவளுக்குப் பதினைந்து வயது; கர்ப்பமாக இருந்தாள்; மெக்ஸிகோவுக்குப் போகும் வழியில் வந்திருந்தாள். அப்பா டெலிவிஷன் முன்னால் விஸ்கியோடு உட்கார்ந்திருந்தார். அதிகம் பேசவில்லை. கிளம்பும்போது, மெக்ஸிகோ போய் ஏதாவது புத்தகம் எழுது, வேண்டுமானால் என் பெயரை உபயோகித்துக்கொள் என்ற அர்த்தத்தில் ஏதோ சொன்னார் என்று பின்னாளில் மகள் நினைவுகூர்ந்தார்.

எழுதினார். 1981-ல் வெளியான அந்த நாவலின் பெயர் 'பேபி டிரைவர்'. அட்டையில் ஆசிரியர் பெயர் ஜேன் கெரூவாக் என்று இருந்தது.